முட்டி உயரத்தில் மீன்கள்

சென்னை ஓ.எம்.ஆரில் துரைப்பாக்கத்தில் இறங்கி கண்ணகி நகருக்குள் நடந்தேன். முந்தின நாள் மழை இன்னும் தெருவோரம் தேங்கிக் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால் சுவர் முழுக்கச் சிரிக்கும் குழந்தை முகங்கள். சென்னை ஓவியர் ஏ-கில் வரைந்தவை; இந்தக் குடியிருப்புப் பிள்ளைகளின் சிரிப்புதான் அது. 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை மாநகராட்சியோடு சேர்ந்து ஓவியர்களை அழைத்துவந்து, இங்கே வரையத் தொடங்கியது. "கண்ணகி நகரா?" என்று கேட்டுவிட்டு இங்கே குடியிருப்பவர்களுக்கு வேலை தர மறுத்த நகரம், இப்போது இந்தச் சுவர்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறது. அதில் எனக்கு நிஜமான சந்தோஷம்.

மேலேயே பார்த்தபடி நடந்தவள், ஒரு பிளாக்கின் பின்பக்கம் வந்ததும்தான் கீழே பார்த்தேன். முட்டி உயரத்தில் வரிசையாக மீன்கள். மிச்சப் பெயின்ட்டில் பிள்ளைகள் வரைந்தவை. ஒரு மீனுக்குக் கண் இமை, இன்னொன்றுக்குப் பொட்டு. நடுவில் ஒற்றை ஹவாய் செருப்பு, நீல வார் வைத்து.

"தண்ணி இதுவரைக்கும் வந்துச்சுக்கா. அதான் மீனு இங்க" என்றான் பக்கத்தில் நின்ற பையன். "செருப்பு என்னுது. போயிருச்சு."

மீன் வரிசைக்குக் கீழே சுண்ணாம்பு ஊதி உதிர்கிறது. விரலால் தொட்டேன், ஈரம். இந்த மண்ணின் இயல்பு அது. தென்சென்னை ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகத்தான் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போகவேண்டும். அந்த வழியை ஒட்டித்தான் 2000 முதல் கூவம், அடையாறு கரைக் குடும்பங்களைக் கொண்டுவந்து இங்கே குடிவைத்தார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து பல குடும்பங்கள் பெரும்பாக்கம் குடியிருப்புக்குப் போயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அங்கேயும் வெள்ளம். பள்ளிக்கரணைக்கு 2022இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்குத் தரும் ராம்சர் தலம் என்ற தகுதி கிடைத்தது. ஆனால் அதற்குள் சதுப்பின் பெரும்பகுதியைக் கட்டடமும் குப்பையும் தின்று முடித்திருந்தன.

தரைத்தள வீட்டு வாசலில் ஒரு அம்மா கோலப்பொடியோடு உட்கார்ந்திருந்தார். ஈரத்தில் கோலம் நிற்கவில்லை. தண்ணீர் வடிந்த இடமாகப் பார்த்து மறுபடி இழுத்தார்.

"ஆத்தோரம் இருந்தா வெள்ளம் அட்ச்சிகினு பூடும்னுதாம்மா இங்க இட்டாந்து வுட்டாங்க. இங்க மட்டும் இன்னா? ரெண்டு நாள் சேந்தாப்ல பேஞ்சா வூட்டுக்குள்ள வந்துடுது."

பெரிய ஓவியங்கள் ஊரை உள்ளே அழைத்துவந்தன. இந்த மீன் வரிசை, வந்தவர்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்கிறது. வடிகாலுக்கு அளவெடுக்க வருகிற எந்தப் பொறியாளரும் முதலில் இதன் முன்னால் குந்தி உட்கார வேண்டும் என்பேன்.

"உள்ள வாம்மா, டீ குடிச்சிட்டுப் போ" என்றார் கோலம் போட்ட அம்மா. ஒரே அறை. மூலையில் நான்கு ஹாலோ பிளாக் கல்மேல் பிரிட்ஜ் ஏறி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் மீன்கள். கல்லின் உயரமும் மீனின் உயரமும் ஒன்றுதான்.