பாண் துண்டு கொடுத்து எடுத்த படம்

போன மாதம் நாங்கள் முகநூலில் போட்ட மரையின் படத்தை ஊரில் நிறையப் பேர் பார்த்தீர்கள். "மாஷா அல்லாஹ், என்ன அழகு" என்று எழுதினீர்கள். பலர் பகிர்ந்தும் இருந்தீர்கள். அந்தப் படத்தைப் பற்றி ஒரு விசயம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆசிரியர் கலாசாலையில் ஒன்றாகப் படித்த நண்பர்கள் நாங்கள் நால்வர். வருடத்துக்கு ஒரு பயணம் என்று பேசி வைத்திருக்கிறோம். இந்த ஜனவரியில் ஹோட்டன் சமவெளி. கடற்கரை மணலில் வளர்ந்த எங்களுக்குக் குளிர் என்றால் மாரி மழைதான். புல்லில் உறையும் பனியை ஒரு முறையாவது கெமராவில் பிடிக்க வேண்டும் என்று ஆசை.

முன்கூட்டியே பதிவு செய்து, கூடாரத்தோடு போனோம். வாசலில் பைகளைத் திறந்து பார்த்து, பொலித்தீனை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிஸ்கட்டைக்கூடக் கடதாசியில் சுற்றித்தான் உள்ளே கொண்டு போனோம். ஏறத்தாழ 7,000 அடி உயரம். குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால் அதை உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படுத்தோம். தூக்கம் வந்தால்தானே!

சுபஹுக்கு வுழூ எடுத்த பிறகு, விரல்களுக்கு உணர்வு திரும்பவே கால் மணி நேரம் ஆனது. வெளிச்சம் வரும்போது பள்ளத்தை நோக்கி நடந்தோம். முகில் இல்லாத, காற்றடிக்காத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் மேட்டில் வெறும் ஈரம், பள்ளத்தில் புல் நுனியெல்லாம் உப்புப் பூத்த மாதிரி வெள்ளை. கெமரா அந்த வெள்ளையைச் சாம்பல் நிறமாகவே காட்டியது. வெளிச்சத்தின் அளவைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தோம். சரியாக வரத் தொடங்கிய நேரத்தில் வெயில் வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் தண்ணீர். இரண்டு படங்கள்தான் தேறின.

அந்த ஏமாற்றத்தோடு வாகனத் தரிப்பிடத்துக்கு வந்தபோதுதான் மரை நின்றது. பெரிய கொம்பு, ஈரம் சொட்டும் பிடரி. பக்கத்திலேயே "மிருகங்களுக்கு உணவு கொடுக்க வேண்டாம்" என்ற பலகை. எங்களில் ஒருவர் பாண் துண்டை நீட்டினார். "மச்சான், இன்னொரு துண்டு குடு, முகம் இஞ்சால திரும்பட்டும்" என்று மற்றவர் சொன்னார். எங்களில் ஒருவர் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மற்ற மூவரும் கெமராவோடுதான் நின்றோம். நீங்கள் பார்த்த படம் அது. பாணும் கையும் தெரியாமல் வெட்டிவிட்டுப் போட்டிருந்தோம்.

எங்களில் இருவர் ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறோம். பாடசாலை தொடங்கியதும் தரம் 7 பிள்ளைகளுக்குப் படங்களைக் காட்டினோம். பனிப் படத்துக்கு ஆச்சரியப்பட்டார்கள். மரையைக் கண்டதும் பின்வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், அது காட்டு மிருகம்தானே? ஏன் உங்களக் கண்டு ஓடல்ல?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. பாண் கொடுத்ததைச் சொன்னோம். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப அது எங்கட சந்தையடி ஆடு மாதிரிதானே சேர்."

வகுப்பு சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தையடி ஆடு என்ன தின்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். வாழைப்பழத் தோலோடு கடதாசியும் பையும் சேர்த்துத்தான் தின்கிறது. மனிதன் கையில் தின்று பழகிய மரையும் அப்படித்தான் ஆகும். புல்வெளியில் மேய வேண்டியது வாகனங்களுக்கிடையில் நிற்கும். அந்தச் சமவெளியில் சிறுத்தைக்கும் மரைதான் முக்கிய இரை. பயந்து ஓடத் தெரிந்திருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. அதைத்தான் நாங்கள் ஒரு துண்டுப் பாணுக்கு வாங்கப் பார்த்தோம்.

அங்கே பேக்கர் நீர்வீழ்ச்சி என்று ஒன்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் வேட்டை நாய்களோடு மரைகளைத் துரத்திய சாமுவேல் பேக்கரின் பெயர்தான் அதற்கு. அவரைப் பற்றி வழியில் குறையாகப் பேசிக்கொண்டு போனவர்கள் நாங்கள்!

அதே சமவெளியில் ஒரு தேவாங்கு இனம் இருக்கிறது. அறுபது வருடங்களுக்கு மேல் அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. அதன் முதல் படங்களை 2010இல்தான் உலகம் பார்த்தது. ஆய்வாளர்கள் அந்தக் குளிரில் இரவிரவாகக் காட்டுக்குள் தேடி எடுத்த படங்கள் அவை. நாங்கள் அரை மணி நேரம்கூடப் பொறுத்திருக்கவில்லை.

மரையின் படத்தை நேற்று நீக்கிவிட்டோம். பகிர்ந்தவர்களும் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். பனிப் படங்கள் இரண்டும் கீழே இருக்கின்றன. ஒன்று கொஞ்சம் மங்கல்தான், ஆனால் ஒன்றுக்கும் ஒன்றும் கொடுக்காமல் எடுத்தவை.

அடுத்த விடுமுறையில் உங்களில் யாராவது பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போனால், மரை கிட்ட வந்தாலும் கையை நீட்டாதீர்கள். தூரத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். அது ஓடினால், பிள்ளைகளுக்கு அதையும் காட்டுங்கள்.