செல்லாக்காசின் குடும்பம்

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில், ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு நிற்கும். இடுக்கியின் மூணாறு மலைகளில் ஓடைநீரோ உப்புக் குறைந்த மென்னீர். இரண்டும் தமிழக எல்லையை ஒட்டியவை. தமிழும் மலையாளமும் கலந்து புழங்குபவை. பேச்சால் நெருங்கிய இவ்விரு நிலங்களும் நீரால் வேறுபட்டிருப்பதை, வீட்டில் சிறு கண்ணாடித் தொட்டி வைத்துக் குள்ளச் சிக்லிட் மீன்களை இனப்பெருக்கம் செய்ய முனைபவர் விரைவிலேயே உணர்ந்துவிடுவார்.

குள்ளச் சிக்லிட் என்றதும் ஆர்வலர் நினைவுக்கு வருபவை தென்னமெரிக்க மீன்கள். அமேசான் வடிநிலத்தின் அபிஸ்டோகிராம்மா இனங்களும், ஒரினோகோ ஆற்றுச் சமவெளியின் 'ராம்' மீனும் விரல் நீளமே வளர்பவை. ஓர் இணைக்கு அறுபது லிட்டர்த் தொட்டி போதும். ஆனால் பல இனங்கள் மென்மையான அமிலநீரிலேயே நன்கு முட்டையிட்டுப் பொரிக்கும். ஆகவே சித்தூர் ஆர்வலர் மழைநீர் சேமிக்கிறார், ஆர்.ஓ. நீர் கலக்கிறார், நாட்டு வாதுமைச் சருகை ஊறவைத்து நீரைப் பழுப்பாக்குகிறார். மூணாற்றில் நீர் சிக்கலன்று, குளிரே சிக்கல். அங்கே வெப்பமூட்டி இன்றி இம்மீன்கள் தாங்கா. அபிஸ்டோகிராம்மா குஞ்சுகளின் பாலினத்தை வெப்பநிலை பெரிதும் தீர்மானிக்கிறது என்று ரோமரும் பைசன்ஹெர்ட்ஸும் 1996இல் காட்டினர். வெப்பம் ஏறினால் ஆண் குஞ்சுகள் மிகும்; இறங்கினால் பெண் குஞ்சுகள் மிகும். பாலக்காட்டுக் கோடையில் பொரிந்த ஓர் ஈட்டில் ஏறத்தாழ எல்லாமே ஆணாக அமைந்தால், அதை வளர்ப்பவரின் தீயூழ் என்பதற்கில்லை.

இவ்வளவு பாடுபட்டு வேற்று ஆறொன்றை வீட்டுக்குள் சமைப்பவர்கள் பலர், அதே குடும்பத்து மீனொன்று இம்மண்ணுக்கே உரியது என்பதைக் கருதுவதில்லை. இந்தியாவுக்குரிய சிக்லிட் இனங்கள் மூன்று. ஒன்று கரிமீன், 2010இல் கேரளம் அதை மாநில மீனாக அறிவித்தது. மற்றொன்று கன்னட நாட்டு ஆறுகளுக்குரியது. மூன்றாவது, கேரளக் காயல்களிலும் ஆறுகளின் தாழ்பகுதிகளிலும் தமிழகக் கழிமுகங்களிலும் இலங்கைக் களப்புகளிலும் வாழும் பள்ளத்தி. 1795இல் பெர்லின் மருத்துவர் புளோக் இதற்கு அறிவியல் பெயரிட்டார். எட்டு சென்டிமீட்டர் அளவே வளரும் இம்மீனுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களுள் ஒன்று 'செல்லாக்காசு'. வட்டமான பொன்னிற உடலும் நடுவில் கரும்புள்ளியும் காசை நினைவூட்டியிருக்கலாம். சந்தையில் விலைபோகாத சிறுமை 'செல்லா' என்பதைச் சேர்த்திருக்கலாம். மாநில மீனின் உடன்பிறப்புக்கு வாய்த்த பெயர் இது.

கழிமுகத்து மீனாதலின் கடினநீர் பள்ளத்திக்கு இடரன்று. ஒரு தட்டைக் கல்லும் நல்ல வடிகட்டியும் இருந்தால், ஒத்துப்போன ஓர் இணை கல்லை வாயால் துடைத்து இருநூறு அளவில் முட்டைகளை ஒட்டும். முதல் ஈடுகளைப் பெற்றோரே தின்றுவிடுவதுண்டு, பொறுத்திருக்க வேண்டும். ஆணும் பெண்ணும் மாறிமாறிச் செட்டையால் நீர் விசிறும். சில நாளில் பொரிந்த குஞ்சுகளை மணற்குழிக்கு மாற்றும். மேலும் சில நாளில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். அப்போது பொரித்த ஆர்டீமியாவை இரையாக இடலாம். ஆயினும் குஞ்சுகள் நாடும் மற்றோர் உணவு பெற்றோரின் உடலிலேயே உண்டு. அவற்றின் விலாவில் மோதி, மேலுள்ள கோழையைக் கொறித்துத் திரும்பும். இந்நடத்தையை வார்டும் பார்லோவும் 1967இல் விரிவாக ஆராய்ந்தனர். அடிவயிற்றின் கருமையான செட்டைகளைப் படபடவென அசைத்துக் குஞ்சுகளை அழைப்பதும் இதன் வழக்கம். அந்த அசைவு ஒரு குறிப்புமொழி என்று 1969இல் கோலும் வார்டும் எழுதினர். மொழியியல் மாணவர் தம் வீட்டிலேயே காணக்கூடிய சமிக்ஞை இது.

இதனால் பள்ளத்தியைப் புனிதமாக்க வேண்டியதில்லை. கரிமீனின் செட்டையில் படரும் பூஞ்சையைக் கொத்தித் துப்புரவு செய்யும் அதே மீன், கரிமீனின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். இரண்டும் ஆய்வில் பதிவானவை.

எதை வளர்ப்பது என்பது தனிச்சுவை. தொட்டி கலைக்கப்படும் நாளில்தான் அது ஊர்ப்பொதுக் கேள்வியாகிறது. இடுக்கியின் பெரியாறு நீர்நிலைகளில் மட்டுமே வாழ்வது லெபிடோபிகாப்சிஸ் டைபஸ் என்னும் மீன். அது இன்று அருகிவரும் இனம். அந்த ஏரியிலேயே அயல்மீன்களான கெண்டையும் திலாப்பியாவும் பெருகியுள்ளன. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியாவும் ஒரு சிக்லிட்தான். 2018 வெள்ளத்துக்குப் பின் கேரள ஆறுகளில் அரப்பைமாவும் முதலைமூக்கு மீனும் வலையில் சிக்கின. வளர்ப்பிடங்களிலிருந்து வந்தவை அவை. அமேசானின் குள்ளச் சிக்லிட்டுக்கு மலைக்குளிர் தடையாகலாம்; தாழ்நிலத்து வாய்க்காலில் அத்தடை இல்லை. பள்ளத்தியும் மலையோடைக்கு அந்நியமே. 'நம் மீன்தானே' என்று அங்கே விடுவதும் தவறு. மிகுந்த குஞ்சுகளை மற்றோர் ஆர்வலரிடமோ கடையிலோ சேர்ப்பதே முறை.

செல்லாக்காசு என்ற பெயர் மீனின் சந்தை விலையைச் சொல்கிறது. அறுபது லிட்டர் நீருக்குள் இருநூறு குஞ்சுகளைத் தன் தோலால் ஊட்டும் உயிரைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.