நெல் கையும் அவரைக் கொடியும்

பாகூர் பக்கத்துச் செலியமேட்டில் தண்ணீர் என்று பேச்செடுத்தால் அது நெல்லில்தான் போய் நிற்கும். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரிகிற பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரியை நிரப்புகிறது. ஏரி நிரம்பினால் மதகு திறக்கும், மதகு திறந்தால் நாற்று விடலாம். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூருக்குப் பேர் வந்தது இப்படித்தான். இந்த ஏரிப் பாசனத்தில் பழகிய கைக்குத் தெரிந்த வேலை தண்ணீரைக் கட்டி நிறுத்துவது. வரப்பு உடைந்தால் ஓடிப்போய் மண்ணை வெட்டிப் போட்டு அடைக்கும். அதே கை கொல்லைப்புறத்து அவரைக்குக் குடம் சாய்க்க வரும்போது கொஞ்சம் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது.

நெல்லின் தண்டுக்குள் வேர் வரை காற்று இறங்க வழி இருக்கிறது. சேற்றில் நின்றாலும் அதன் வேர் மூச்சு விடும். அவரைக்கு அந்த வசதி கிடையாது. அதன் வேருக்கு வேண்டிய காற்று மண்ணின் இடுக்கில்தான் இருக்கிறது. இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்து அப்படியே நின்றுவிட்டால் வேர் திணறும், பிறகு அழுகும். மேலே பார்த்தால் இலை வாடியிருக்கும். வாடியதைப் பார்த்து இன்னொரு குடம் ஊற்றுவோம். கொல்லைப்புற அவரைகள் பெரும்பாலும் சாவது இப்படித்தான், தாகத்தில் செத்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். அவரைக்கு அது ரொம்பப் பொருத்தம். ஒன்றரை அடி ஆழம், அதே அகலத்தில் குழி எடுத்து, மக்கிய சாணி எருவும் மேல்மண்ணும் கலந்து மூடி, முதல் நாளே நன்றாக நனைத்து விடுவேன். மறுநாள் மண் கையில் ஒட்டாமல் உதிரும் பதத்தில் விதை ஊன்றுவேன். அவரை விதையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு ஓடும், பார்த்திருப்பீர்கள். விதை தண்ணீர் குடிப்பது பெரும்பாலும் அந்தப் பக்கமாகத்தான். ஈர மண்ணில் கிடந்தாலே தனக்கு வேண்டியதை இழுத்துக்கொள்ளும். ராத்திரி முழுக்கச் சொம்பில் ஊறப்போட்டு, பருப்பு பிளந்து, தோல் உரிந்த விதையை ஊன்றிவிட்டு முளைக்கவில்லை என்று விதை கொடுத்தவரைத் திட்டுவதில் நியாயமில்லை. ஊன்றிய மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர். அதையும் குடத்தால் கொட்டாமல் பூவாளியால் தூவுவேன். எங்கள் பக்கத்து வண்டல் களியில் வேகமாக ஊற்றினால் மேல்மண் இறுகி ஓடு கட்டிவிடும். முளை அதை முட்டிக்கொண்டு வர முடியாமல் கழுத்து ஒடியும்.

முளைத்து நான்கைந்து இலை விட்ட பிறகுதான் நிஜமான சோதனை. ஆவணி வெயில் உச்சிக்கு ஏறும் நேரம், பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "அக்கா, செடி வாடிக் கெடக்குது பாருங்க. ஒரு கொடம் ஊத்தட்டா?" என்பாள்.

"வேணாம்டி. சாயங்காலம் வந்து பாரு."

அவள் பார்த்தது பொய்யில்லை. மூன்று மூன்றாக இருக்கும் இலைகள் விரிந்து நிற்காமல் விளிம்பைச் சூரியனுக்குக் காட்டித் திரும்பி நின்றன. ஆனால் அது வாட்டமில்லை. இலை காம்போடு சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள், சின்னதாக ஒரு புடைப்பு தட்டுப்படும். அதற்குள் இருக்கும் நீர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும்போது இலை திரும்புகிறது. உச்சி வெயிலில் விளிம்பைக் காட்டினால் சூடு குறைவு, நீர் இழப்பும் குறைவு. வாடிய இலை துவண்டு தொங்கும், தொட்டால் துணி மாதிரி மடங்கும். திரும்பி நிற்கும் இலை விறைப்பாகவே இருக்கும். இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தால் போதாது, தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ராத்திரியிலும் அதே புடைப்புதான் இலையைக் கீழே சாய்க்கிறது. எர்வின் பியூனிங் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் 1930களில் பீன்ஸ் செடிகளை மாறாத இருட்டில் வைத்து இந்த அசைவைக் கவனித்தார். சூரியனே இல்லாத அறையிலும் இலைகள் ஏறி இறங்கின, சுற்றுக்கு 24 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக. உயிர்களுக்குள் ஓடும் கடிகாரம் பற்றிய ஆராய்ச்சியில் இந்தப் பீன்ஸ் இலைகளுக்குப் பெரிய இடம் உண்டு. எனக்கு அதில் கிடைத்த லாபம் இவ்வளவுதான்: செடியைக் கேட்க வேண்டிய நேரம் விடியற்காலை. ராத்திரி முழுக்க வேர் குடித்து முடித்த பிறகும் காலை ஆறு மணிக்கு இலை துவண்டிருந்தால், அன்றைக்குக் கட்டாயம் தண்ணீர். மத்தியானம் செடி சொல்வதை நான் காதில் வாங்குவதில்லை.

செடியைக் கேட்ட பிறகு மண்ணையும் கேட்க வேண்டும். களிமண்ணில் மேலே காய்ந்திருக்கும், அரை ஜாண் கீழே தோண்டினால் குளிர்ச்சியாக இருக்கும். அந்த மண்ணை எடுத்துக் கைக்குள் பிடித்தால் உருண்டை நிற்கிறதா, நின்றால் இன்னும் இரண்டு நாள் தாங்கும். உதிர்ந்தால் ஊற்றலாம். மண் மயிரிழை வெடிப்பு விடத் தொடங்கும்போது பாய்ச்சினால் சரி. விரல் நுழையும் வெடிப்பு வரை விட்டால் சின்ன வேர்கள் அறுந்துபோகும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக என்று வயலில் சொல்வோமே, அதன் முழு அர்த்தம் எனக்கு வயலைவிட அவரைப் பந்தலுக்குக் கீழேதான் புரிந்தது. வாரத்துக்கு ஒரு தண்ணீர் என்று பொதுவாகச் சொல்லும் கணக்கு எங்கள் களிக்குப் பெரும்பாலும் சரியாக வரும். கடலோரப் பக்கத்து மணலில் வராது, அங்கே கொஞ்சமாக, அடிக்கடி.

ஊற்றும் இடமும் முக்கியம். தண்டின் அடியில் மண்ணை அணைத்து மேடாக்கி, அதிலிருந்து ஒரு அடி தள்ளி வட்டமாக ஒரு வாய்க்கால் கீறி, அதில்தான் விடுவேன். தண்டு நனையாது, வேரும் தண்ணீரைத் தேடி வெளியே நடக்கும். மேலே வைக்கோல் மூடாக்கு. அரிசி கழுவிய தண்ணீர் தாராளமாக ஊற்றலாம். பாத்திரம் தேய்த்த சோப்புத் தண்ணீரை வாழைக்குக் கொண்டுபோங்கள் என்பேன், அவரை உப்பைத் தாங்காத இனம். போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் வீடுகளில் வாய்க்கால் ஓரம் வெள்ளையாகப் பூத்திருந்தால், மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து அவரைக்கு ஒதுக்குவதுதான் வழி.

ஐப்பசி, கார்த்திகையில் குடத்துக்கு வேலையில்லை, மண்வெட்டிக்குத்தான். வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது வட்டத்தை ஒரு பக்கம் உடைத்து வடிகால் விட வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் கொட்டியது. அதற்கு எந்த வடிகாலும் பதில் சொல்லாது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கரைபுரண்டு பாகூர் பக்கத்தை முக்கியது. அப்படி நின்ற தண்ணீர் வடிந்த பிறகு அவரை மஞ்சளாகும். உடனே யூரியாவைத் தேடி ஓடுகிறவர்கள் ஒரு வேரைத் தோண்டிப் பார்க்கலாம். வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அந்த முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியாதான் காற்றின் தழைச்சத்தைச் செடிக்குப் பிடித்துக் கொடுக்கிறது, சிவப்பு அது வேலை செய்வதன் அடையாளம். பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் வேலை நின்றுவிட்டது. மண் நடக்கப் பதமானதும் களைக்கொட்டால் மேலாகக் கிளறிக் காற்று விடுவேன். பிறகு காத்திருப்பேன். பிழைக்கிற செடி புதுத் தளிர் விட்டுக் காட்டிவிடும்.

ஆடியில் ஊன்றிய பந்தல் அவரை பகல் குறையக் குறையத்தான் பூவுக்கு வரும். செடி அவரைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. கொடி புரட்டாசியிலேயே பூக்கவில்லை என்று தண்ணீரையும் எருவையும் கூட்டினால் இலைதான் கூடும், பந்தல் இருண்டு போகும். அந்தச் சமயத்தில் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். பூங்கொத்து எட்டிப் பார்த்த பிறகோ நேர்மாறு. மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில் பனியை நம்பித் தண்ணீரைத் தவறவிட்டால் பூவும் பிஞ்சும் கொட்டும். பனி இலையைத்தான் நனைக்கும், வேருக்கு ஒன்றும் வராது. கொஞ்சம் பூ உதிர்வது இயல்பு, ஒரு கொத்தில் பூத்ததெல்லாம் காயாகாது. காலையில் பந்தலுக்குக் கீழே தரை முழுக்க ஊதாவாகக் கிடந்தால் மண்ணைப் பிடித்துப் பாருங்கள்.

இலைமேல் தண்ணீர் படக்கூடாது என்று நான் வைத்திருக்கும் சட்டத்தை நானே மீறுவதும் இந்தப் பனிக்காலத்தில்தான். கொழுந்திலும் பூக்காம்பிலும் கறுப்பாகச் செடிப்பேன் அப்பிவிடும், அதன் இனிப்புக்கு எறும்புகள் காவல் நிற்கும். காலை வெயில் ஏறியதும், ஒரு கையால் கொழுந்தைத் தாங்கிக்கொண்டு, குழாய் வாயை விரலால் பாதி அடைத்துப் பீய்ச்சி அடித்தால் பாதிக்கு மேல் உதிர்ந்துவிடும். இரண்டு நாள் கழித்து மறுபடியும். மருந்து டப்பா வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யலாம். சாயங்காலம் மட்டும் செய்ய வேண்டாம், ஈரம் இலையிலேயே ராத்தங்கினால் பூசணம் வரும்.

மாசியில் சமையலுக்குப் பறிப்பதை நிறுத்தி, நல்ல கொத்து இரண்டை விதைக்கு விட்டுவிடுவேன். நெற்று பழுக்கத் தொடங்கியதும் தண்ணீர் நிறுத்தம். உலுக்கினால் கலகலவென்று கேட்கும்போது பறித்து, நிழலில் காயவைத்துச் சாம்பலில் புரட்டி எடுத்து வைக்கலாம். கொடியைப் பிடுங்குவதில்லை, அடியோடு அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே மக்க விடுவேன். அந்த இடத்தில் அடுத்தது தண்டுக்கீரை. அதற்கு மேலாகத் தினமும் தெளிக்க வேண்டும், அப்போது பக்கத்து வீட்டுப் பெண்ணைத் தாராளமாகக் கூப்பிடுவேன்.