ஓடுற காலுக்கு என்ன ஷூ?

காலை ஐந்து மணிக்கு சிவகாசி - விருதுநகர் சாலையில் போயிருக்கிறீர்களா? இருட்டு விலகுவதற்குள் நாலைந்து பேராக இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். உடம்பு இளைக்க ஓடுகிறவர்கள் இல்லை. போலீஸ் வேலைக்கு ஓடுகிறவர்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும். ஒரு விநாடி பிந்தினாலும் அவ்வளவுதான், எழுத்துத் தேர்வுக்குப் படித்ததெல்லாம் வீண்.

அப்படி ஓடுகிற ஒருவனை எடுத்துக்கொள்வோம். திருத்தங்கல் பக்கத்துப் பையன். அம்மா பட்டாசு ஆலையில் வேலை. வெடிமருந்து அறைக்குள் ஆணி அடித்த செருப்போடு யாரும் நுழையக் கூடாது, ஒரு பொறி போதும். அதனால் அம்மாவுக்குப் பகல் முழுக்க வெறுங்கால்தான். அந்த அம்மாவின் தீபாவளி போனஸில்தான் பையனுக்கு ஷூ வாங்க வேண்டும்.

அவன் முதலில் வாங்கியது பளபளவென்று இருந்த மலிவு ஷூ. அடிப்பாகம் கட்டை மாதிரி. மூன்றே வாரத்தில் முழங்காலுக்குக் கீழே, முன் எலும்போரம் வலி. விருதுநகர் பஜாரில் இருக்கும் செருப்புக்கடை அண்ணாச்சியிடம் போய் நின்றான்.

"அண்ணாச்சி, நல்ல சப்போர்ட்டா ஒரு ஷூ குடுங்க."

"தம்பி, ஷூவை விடு. மொதல்ல காலைக் காட்டு."

அண்ணாச்சி சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஓடும்போது ஒவ்வொரு முறை பாதம் தரையில் படும்போதும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. 60 கிலோ ஆள் என்றால் 120 முதல் 180 கிலோ. 1500 மீட்டர் முடிப்பதற்குள் இது சுமார் 1200 முறை நடக்கும். அந்த அதிர்ச்சியில் கொஞ்சத்தைத் தாங்கத்தான் ஷூவுக்குள் மெத்தை. பெரும்பாலும் அது ஈ.வி.ஏ. என்கிற நுரைப் பொருள். 1970களில்தான் ஓட்டக்காரர்களின் ஷூவுக்குள் வந்தது.

அதற்கு முன்னால் யாரும் ஓடவில்லையா? எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெறுங்காலோடு ஓடித் தங்கம் வாங்கினார். 1964-ல் டோக்கியோவில் ஷூ போட்டு ஓடினார், அப்போதும் தங்கம்! அவ்வளவு தூரம் எதற்கு? பக்கத்து மதுரை மாவட்டம் சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி கல்லூரிப் போட்டிகளில் வெறுங்காலோடு ஓடியவர். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். ஷூ யாரையும் ஓட வைப்பதில்லை. ஓடுகிறவனைத் தொடர்ந்து ஓட விடுவதுதான் அதன் வேலை.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? தட்டைப் பாதத்துக்கு ஒரு வகை, வளைந்த பாதத்துக்கு ஒரு வகை என்று ரொம்ப நாளாகச் சொல்லி வந்தார்கள். அமெரிக்கப் படைகளில் பயிற்சி பெறுகிறவர்களிடம் அதைச் சோதித்த ஆய்வுகள் 2009, 2010-ல் வெளியாயின. பாத வடிவம் பார்த்து ஷூ கொடுத்தும் காயம் குறையவில்லை. 2020-ல் லக்சம்பர்க் ஆய்வாளர்கள் 800-க்கும் மேற்பட்டவர்களை ஓடவிட்டுப் பார்த்தார்கள். கட்டை ஷூ போட்டவர்களுக்குக் காயம் படும் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்கு அதிகம். இதில் ஒரு வேடிக்கை, மெத்தையால் பலன் அடைந்தவர்கள் குண்டானவர்கள் இல்லை, எடை குறைந்தவர்கள்தான். நம்ம பையன் மாதிரி ஒல்லிக்குச்சிகள்!

அதற்காகப் பஞ்சு போல அமுங்குவதையும் வாங்கக் கூடாது. திரும்பும்போது கணுக்கால் ஆடும். அண்ணாச்சி சொன்ன வழி சுலபமானது:

சாயங்காலம் வந்து வாங்கு, பகலெல்லாம் நடந்து கால் லேசாக வீங்கியிருக்கும். ஓடும்போது போடுகிற சாக்ஸோடு இரண்டு காலிலும் போட்டுப் பார். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அளவு இடம் வேண்டும். குதிகால் வழுக்கக் கூடாது. கடை வாசலில் நாலு எட்டு ஓடு. எங்காவது உறுத்தினால் 'போகப் போகச் சரியாகும்' என்று நினைக்காதே, வேறு எடு.

கந்தக பூமியின் வெயில் தெரியுமே! கழுவிய ஷூவை நிழலில் உலர்த்துவது நல்லது, இல்லாவிட்டால் பசை விட்டுப் போகும். 500, 800 கிலோமீட்டருக்குள் மெத்தை செத்துவிடும், மேலே புதுசாகவே தெரிந்தாலும். தேர்வு அன்றைக்குப் புது ஷூ கூடவே கூடாது. இரண்டு வாரமாவது பழக்கிக்கொள்ள வேண்டும்.

பையன் கடைசியில் எடுத்தது கடையிலேயே விலை கூடியது இல்லை. நடுத்தரமானது, சாம்பல் நிறம், பார்க்க சுமார்தான். காலில் போட்டதும் போட்டதே மறந்துபோனது. விலையைச் சொல்லத் தயங்கித் தயங்கி வீட்டுக்குப் போனான். அம்மா ஷூவுக்குள் கையை விட்டு அழுத்திப் பார்த்தார்.

"மெத்துனு இருக்குடா. காசு போனா வரும், காலு போனா வருமா?"

சொல்லிவிட்டு ஷூவைக் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக வைத்தார். அப்போதும் அவர் காலில் ஒன்றும் இல்லை. அவன் ஓடுவது அந்தக் கால்களுக்காகவும்தான்.