பன்னிரண்டு கோடும் இருக்குது, சேர்!

பாவித்த மின்சாரக் கார் வாங்க யோசிக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

நம்மூர் வீதிகளில் ஓடும் மின்சாரக் கார்களில் கனக்க பழைய நிசான் லீஃப். அதன் மீற்றரில் பற்றரியின் நலத்தைக் காட்ட 12 சிறு கோடுகள் உண்டு. விற்பவர் முதலில் காட்டுவது அதைத்தான். ஆனால் முதல் கோடு மறைவதற்கே பற்றரி சுமார் 15 வீதம் கொள்ளளவை இழக்க வேண்டும். அதோடு, கட்டுப்பாட்டுப் பெட்டியின் கணக்கை மீளமைத்து விழுந்த கோடுகளைத் திரும்ப வரவைக்கவும் முடியும். சில வாரம் ஓடியதும் அவை மறுபடி மறையும். அதற்குள் காசு கைமாறியிருக்கும்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். பலாலி விமான நிலைய ஹயர் ஓட ஒரு லீஃப் பார்த்திருக்கிறான். மனைவியின் நகைகள் அடகில். "பன்னிரண்டு கோடும் இருக்குது சேர், பற்றரி புதுசு மாதிரி எண்டு சொல்லுறார்" என்றான். "பொறு தம்பி, நானும் வாறன்" என்றேன்.

என்னிடம் தீப்பெட்டி அளவில் ஒரு புளூடூத் அடப்டர் இருக்கிறது. ஸ்டீரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சொக்கட்டில் செருகி, போனில் லீஃப் ஸ்பை செயலியைத் திறந்தால், 24 கிலோவாற் மணி பற்றரியின் 96 சோடிக் கலங்களும் 96 கம்பங்களாக வரிசையில் நிற்கும். சில கம்பங்கள் சிவப்பாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். கலங்களைச் சமப்படுத்தும் வேலை நடக்கிறது, அவ்வளவுதான்.

நிறுத்தி வைத்துப் பார்த்தபோது எல்லாம் ஒரே உயரம். வித்தியாசம் 20 மில்லிவோல்ட்தான். ஏசியைப் போட்டு, நாவற்குழிப் பக்கம் ஓடவிட்டு, அவனை ஒருமுறை அழுத்தி மிதிக்கச் சொன்னேன். இரண்டு கம்பங்கள் மட்டும் பொத்தென்று கீழே போயின. வித்தியாசம் 200ஐத் தாண்டியது. காலை எடுத்ததும் மேலே வந்தன. மறுபடி மிதித்தால் மறுபடி அதே இரண்டு.

முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவனுக்கு இது புதிதல்ல. வகுப்புச் சராசரி 60 என்றால் அதிபருக்குச் சந்தோஷம். 12 புள்ளி எடுத்த பிள்ளை அந்த 60க்குள் ஒளிந்திருப்பான். கலங்கள் தொடராக இணைக்கப்பட்டவை. பலவீனமான ஒன்று அடிமட்டத்துக்கு வந்தால், மற்றவற்றில் மின் இருந்தாலும் கார் வலுவைக் குறைத்துவிடும்.

விற்பவருக்குக் கோபம். "போனில காட்டுறதை நம்பலாமோ மாஸ்டர்?" என்றார். "போன் ஒண்டும் சொல்லேல்லை தம்பி, உங்கட கார் சொல்லுறதை அது வாசிக்குது" என்றேன். மாணவன் வாங்கவில்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு 10 கோடு உள்ள இன்னொரு காரைப் பார்த்தோம். எவ்வளவு மிதித்தாலும் 96 கம்பங்களும் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறின. விலையும் குறைவு. இப்போது அதில்தான் ஹயர் ஓடுகிறான்.

நீங்களும் பார்க்கப் போனால், சார்ஜ் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இருக்கும்போது ஓட்டிப் பாருங்கள். பலவீனமான கலம் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். திரையைப் படமெடுத்து வையுங்கள். செயலியில் வாசிப்பதோடு நிறுத்துங்கள், அமைப்புகளை மாற்றும் பொத்தான்களைத் தொடாதீர்கள். பார்த்து முடிந்ததும் அடப்டரைக் கழற்றிவிடுங்கள். செருகியபடி விட்டால் 12 வோல்ட் சிறிய பற்றரி மெதுவாக இறங்கும். செருகவே விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், அதுவும் ஒரு பதில்தான்.

யாழ்ப்பாணப் பக்கம் இருப்பவர்களுக்கு அடப்டர் தேவையென்றால் வீட்டுக்கு வாருங்கள். இரண்டு நாளில் திருப்பித் தந்தால் போதும்.