மேசையில் இருட்டு, ஜன்னலில் நிறம்

பெங்களூர் சிவாஜிநகரை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கடைசிவரை பிளாக்பள்ளி என்றே சொன்னார்கள். ரஸல் மார்க்கெட்டின் பூ வாசனையும் கறிக்கடை வாசனையும் கலந்து வரும் சந்துகளைத் தாண்டினால் புனித மரியன்னை பேராலயத்தின் கோபுரம் தெரியும். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. இருந்தும் சனிக்கிழமை தவறாமல் அம்மா அங்கே மெழுகுவத்தி ஏற்றப் போவாள். திங்கள் என்றால் அல்சூர் சோமேஸ்வரர், சனி என்றால் மாதா. கன்டோன்மென்ட் தமிழர் வீடுகளில் இது யாருக்கும் விசித்திரமாகப் பட்டதில்லை. மாதாவுக்குச் சேலை கட்டுகிறார்கள், செப்டம்பர் எட்டாம் தேதி தேர் இழுக்கிறார்கள், இதற்குமேல் என்ன வேண்டும் என்பாள்.

அவள் மாதாவைப் பார்ப்பாள். நான் ஜன்னல்களைப் பார்ப்பேன். வெளியே நின்று பார்த்தால் அந்த ஜன்னல்கள் கறுத்து, தூசி படிந்து, ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். உள்ளே போனால்தான் நீலமும் சிவப்பும். ஏன் இப்படி என்று அம்மாவைக் கேட்டால், "சாமி கும்பிடு, அப்புறம் பாக்கலாம்" என்பாள்.

அதற்குப் பதில் கிடைத்தது பல வருடங்கள் கழித்து, காக்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில். தகரக் கூரை போட்ட பட்டறை அது. அதை நடத்தியவரைத் தெருவே அங்கிள் என்றுதான் கூப்பிட்டது. சர்ச் ஜன்னல்களையும் பழைய பங்களாக் கதவுகளின் வண்ணக் கண்ணாடிகளையும் பழுது பார்ப்பது அவர் தொழில். தமிழும் இங்கிலீஷும் ஒரே வாக்கியத்தில் வரும், கன்னடம் கடைக்காரர்களுக்கு. நான் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனேன். முதல் நாளே துடைப்பத்தைக் கையில் கொடுத்துக் கண்ணாடித் தூளைக் கூட்டச் சொன்னார். டீ கிளாஸோடு உள்ளே நுழைந்தபோது மட்டும் சத்தம் போட்டார். "டீய வெளிய வச்சுட்டு வாம்மா. ஈயம் வயித்துக்குள்ள போச்சுன்னா எந்த மாதாவும் காப்பாத்த மாட்டா."

முதலில் ஜன்னலின் அளவுக்கே காகிதத்தில் படம். எந்தத் துண்டு எங்கே என்று ஒவ்வொன்றுக்கும் எண். கட்டரின் சின்னச் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு, கண்ணாடிமேல் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். போன கோட்டின்மேல் இன்னொரு தடவை போனால் சக்கரமும் கெட்டது, கண்ணாடியும் இஷ்டத்துக்கு உடையும். கோடு சரியாக விழுந்தால் துணி கிழிகிற மாதிரி மெல்லிய சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்கிற வரை மூச்சு விடத் தோன்றாது. வீட்டுக் கவலை, பஸ் கவலை எதற்கும் இடமில்லை. ஜபம் என்று எதைச் சொல்கிறார்கள் என்பது எனக்குக் கொஞ்சமாவது பிடிபட்டது அங்கேதான். அங்கிள் தினமும் காலைப் பூசைக்குப் போய்விட்டு வருகிறவர். ஆனால் பட்டறைக்குள் கடவுளைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை.

வெட்டிய துண்டுகளை ஈயப் பட்டைக்குள் செருகி, மேசையில் ஆணி அடித்து நகராமல் பிடித்து, ஒரு மூலையிலிருந்து கட்டிக்கொண்டே வருவோம். பட்டைகள் சேரும் இடங்களில் பற்றவைப்பு. பிறகு இடுக்கெல்லாம் புட்டிப் பசையைப் பிரஷ்ஷால் திணித்து, மேலே சாக்பீஸ் தூளைத் தூவி, எண்ணெய்ப் பசையைத் துடைத்தெடுக்க வேண்டும். இத்தனையும் நடக்கும்போது நிறமே தெரியாது. மேசையில் கிடக்கும் கண்ணாடி எல்லாமே கறுப்பாகத்தான் இருக்கும். கோபால்ட் சேர்த்து உருக்கிய நீலம், தங்கம் சேர்த்த சிவப்பு, மாங்கனீஸ் தரும் ஊதா, வெள்ளி உப்பைப் பூசிச் சூளையில் வைத்து வரவழைத்த மஞ்சள்: எல்லாம் ஒன்றுபோல் படுத்திருக்கும். தூக்கி நிறுத்தி, பின்னால் வானம் வந்த பிறகுதான் செய்தவருக்கே தான் செய்தது தெரியும். நாள்கணக்காகத் தெரியாமலே வேலை செய்ய மனதைப் பழக்குவதுதான் இதில் கஷ்டம். வெட்டுவது கஷ்டமே இல்லை.

வெயில் நாளில் ஜன்னல் பார்க்கப் போவது வீண் என்பது அங்கிளின் கட்சி. இந்தக் கலை வளர்ந்ததே வெளிச்சம் மங்கலான வட பிரான்ஸ் பக்கம். ஷார்த்ர் பேராலயத்தின் பேர்போன நீலங்கள் 12, 13-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. நம்மூர் வெயில் நேராக அடித்தால் வெளிர் நிறங்கள் வெளுத்துப்போகும். மேகம் மூடிய நாளில் நீலம் தன் எல்லையைத் தாண்டிப் பரவும், சிவப்பு அடங்கி ஆழமாகும். மழைக்காலம் வந்தால் குடையோடு என்னை மரியன்னை பேராலயத்துக்கு இழுத்துக்கொண்டு போவார். மார்க்கெட் சேற்றில் செருப்பு மாட்டிக்கொள்ளும், அதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை.

செஞ்சிப் பக்கமிருந்து பிழைக்க வந்த தமிழர்களின் கோயில் அது. 1818-ல் பாதிரியார் அபே துபுவா ஒரு சிற்றாலயம் கட்டினார். இப்போதுள்ள கோதிக் கட்டடம் 1875-ல் தொடங்கி, 1882 செப்டம்பர் 8 அன்று அர்ச்சிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் நாட்களில் வண்ணக் கண்ணாடிகளை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, 1947-ல் திரும்பப் பொருத்தினார்கள். சின்ன வயதில் இதைக் கேட்டபோது படச் சட்டத்தை மாட்டுவது மாதிரி நினைத்துக்கொண்டேன். வேலை கற்ற பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. சுற்றியுள்ள காரையை உளியால் தட்டி எடுக்க வேண்டும். குறுக்குக் கம்பிகளோடு பிணைத்த செம்புக் கட்டுகளை அறுக்க வேண்டும். தூக்கும்போது நிமிர்த்தியே தூக்க வேண்டும். படுக்கவைத்தால் ஈயம் தொய்ந்து கண்ணாடி விரியும். அதுவும் அறுபது வருஷம் பழைய ஈயம். அந்த வேலையைச் செய்த கைகளைப் பற்றி யாராவது ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம்.

அங்கிளோடு நான் ஒத்துப்போகாத ஒரே இடம் ஹட்சின்ஸ் ரோட்டில் இருக்கிறது. அங்குள்ள கத்தோலிக்க விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையமான என்.பி.சி.எல்.சி.யை 1967-ல் தொடங்கியவர் அமலோற்பவதாஸ் அடிகளார், தமிழர். அதன் சிற்றாலயத்துக்கு ஓவியர் ஜோதி சாஹி வடிவமைத்தது வண்ணக் கண்ணாடி அல்ல; இந்தியக் குறியீடுகள் கொண்ட ஜன்னல் கிராதிகள். "கலரே இல்லாம என்னம்மா சர்ச்சு?" என்று அங்கிள் முகத்தைச் சுளித்தார். எனக்கோ தரையில் அமர்ந்து அந்தக் கிராதிகளைப் பார்த்துக்கொண்டிருப்பது பிடித்திருந்தது. ஈயக் கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு கண்ணாடியை எடுத்துவிட்டதுபோல் இருக்கிறது என்றேன். அதற்கும் அவர் மசியவில்லை.

பங்களாவும் பட்டறையும் போய் அங்கே அபார்ட்மென்ட் வந்துவிட்டது. இப்போது நானே சனி, ஞாயிறுகளில் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் ஐ.டி. பிள்ளைகள். அவர்களுக்குப் பிடித்தது செம்பு டேப் ஒட்டிப் பற்றவைக்கும் டிஃபனி முறை. சாயங்காலத்துக்குள் ஒரு சின்னப் பறவையை முடித்து வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அதைக் குறை சொல்ல மாட்டேன், அழகாகத்தான் செய்கிறார்கள். ஈயப் பட்டை வேலைக்கு வருகிறவர்கள் கொஞ்சம்தான். புட்டி இறுகும்வரை அசைக்கக் கூடாது, அடுத்த வாரம் வந்து பாருங்கள் என்றால், "மேம், போட்டோ மட்டுமாவது எடுத்துக்கலாமா?" என்று கேட்கிறார்கள். எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். மேசையில் கிடப்பதைப் படம் பிடித்து என்ன தெரியப்போகிறது!