கடை தந்தோம்... முதல்?

கோலாலம்பூரில் யாரும் 'டிபன் ஆச்சா?' என்று கேட்பதில்லை. 'பசியாறிட்டீங்களா?' என்கிறார்கள். கேட்கும்போதே பாதிப் பசி ஆறிவிடுகிறது. (மீதிப் பாதிக்குக் காசு கொடுக்க வேண்டும்!)

இந்த ஊருக்குப் போகிறவர்கள் இரட்டைக் கோபுரத்தின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, பத்துமலை முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சாக்லேட் டப்பாவுடன் திரும்பிவிடுவார்கள். எனக்கு வேறு ஒரு பழக்கம். எந்த ஊருக்குப் போனாலும் 'இங்கே யார் யாரிடம் சம்பளம் வாங்குகிறார்கள்?' என்று பார்ப்பேன். மாதா மாதம் முப்பதாம் தேதியை எண்ணியே வாழ்கிற குமாஸ்தா புத்தி!

அந்த விசாரணைக்குக் கோலாலம்பூர் மிகவும் வசதியான ஊர். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று மூன்று பேரும் நூறு வருஷத்துக்கு மேலாகப் பக்கத்துப் பக்கத்துப் பேட்டைகளில் வாழ்கிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி மலேசியக் குடிமக்களில் நூற்றுக்கு 69 பேர் மலாய்க்காரர் முதலான மண்ணின் மைந்தர்கள். 23 பேர் சீனர். ஏழு பேருக்குச் சற்றுக் குறைவாக இந்தியர். அதில் பெரும்பாலோர் தமிழர்.

ஆகவே, ஒரு நாள் சீனர் பேட்டை, ஒரு நாள் மலாய்ப் பேட்டை, ஒரு நாள் நம்மவர் பேட்டை என்று மூன்று காலைப் பசியாறலுக்குத் திட்டம் போட்டேன்.

* * *

முதல் நாள், பெட்டாலிங் ஸ்ட்ரீட். நம்ம பர்மா பஜாருக்குச் சீன வேஷம் போட்ட மாதிரி ஒரு தெரு. கைக்கடிகாரம், கைப்பை, வறுத்த கஷ்கொட்டை... கடைக்கு வெளியே நின்று கூவிக் கூப்பிடுகிற பையன்களில் பலர் பங்களாதேஷ்காரர்கள். உள்ளே கல்லாவில் சீனர்.

காபிக் கடை ஒன்றில் உட்கார்ந்தேன். முதலாளிக்கு எழுபது வயதிருக்கும். பனியன், அரை டிராயர். அவரே காபி ஆற்றுகிறார், அவரே டம்ளர் கழுவுகிறார். சர்வர் என்று நினைத்து டிப்ஸ் வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டாம்! மாடி, கீழ்த்தளம் இரண்டும் அவர் சொந்தம். பெரியவர் உடைந்த இங்கிலீஷில் சொன்னார்: "என் பையனுக்கு நல்ல மார்க். இங்கே காலேஜில் இடம் கிடைக்கவில்லை. கடையை அடமானம் வைத்து ஆஸ்திரேலியா அனுப்பினேன். இப்போது அங்கேயே வீடு வாங்கிவிட்டான்."

சீனர்கள் எல்லாம் பிறவிப் பணக்காரர் என்று நம்மூரில் ஒரு நினைப்பு. அப்படி இல்லை. கோலாலம்பூரை ஒரு நகரமாக்கியவர் யாப் ஆ லாய் என்ற சீனத் தலைவர். அவரே ஏழையாகக் கப்பலேறி வந்தவர்தான். ஈயச் சுரங்கத்துக்கு வந்த சீனக் கூலிகளும் கப்பல் கட்டணத்தைக் கடனாகத் தலையில் சுமந்துகொண்டு வந்தவர்களே. 1948-ல் கம்யூனிஸ்ட் கலகம் தொடங்கிய பிறகு, சுமார் ஐந்து லட்சம் சீனரை வெள்ளைக்காரன் முள்வேலி போட்ட புதுக் கிராமங்களில் குடியேற்றினான்.

ஆனால், ஒரு வித்தியாசம். சீனக் கூலி கடனை அடைத்ததும் சுரங்கத்தை விட்டு வெளியே வரலாம். வெளியே வந்தால் ஊர் இருந்தது. அங்கே தன் பாஷை பேசுகிற கடைக்காரர் இருந்தார், சொந்த ஊர்க்காரர் சங்கம் இருந்தது. கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவன் பத்து வருஷத்தில் பக்கத்துத் தெருவில் தனிக் கடை போட முடிந்தது.

* * *

மறுநாள் கம்போங் பாரு. 'புதுக் கிராமம்' என்று அர்த்தம். புதுசுமில்லை, கிராமமுமில்லை! 1900-ஐ ஒட்டி மலாய்க்காரர்களுக்கென்று ஒதுக்கிய இடம். மரத் தூண்கள் மேல் நிற்கும் ஓட்டு வீடு, வாசலில் வாழை, முற்றத்தில் கோழி. நிமிர்ந்தால் 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரம் தலைக்கு மேல் நிற்கிறது. ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன்தான்.

நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சாதம், நெத்திலி, கார சம்பல்) விற்கும் அம்மாளிடம் "உங்கள் இடம் கோடிக்கணக்கில் போகுமே?" என்றேன். சிரித்தார். "மலாய்க்காரர் மலாய்க்காரருக்குத்தான் விற்கலாம். அதுவும் தாத்தா பேரில் இருக்கிறது. பங்குதாரர் எத்தனை பேர் என்று எங்களுக்கே கணக்கில்லை." ஒரு பையன் சர்க்கார் உத்தியோகம், பெண் டீச்சர். அந்த அம்மாள் சாதம் விற்றது போக, அவர்களைப் படிக்க வைத்தது அரசாங்கம்.

1970-ல் தீபகற்ப மலேசியாவில் மலாய்க் குடும்பங்களில் நூற்றுக்கு 65 வறுமையில் இருந்தன. இந்தியர் 39, சீனர் 26. சொந்த நாட்டுக்காரன் வயலிலும் கடலிலும் கிடக்க, ஊரும் கடையும் வேறு கையில். அதற்கு முந்தைய வருஷம், 1969 மே 13-ல் கோலாலம்பூரில் பெரும் இனக் கலவரம். அதன் பிறகு 1971-ல் வந்தது புதிய பொருளாதாரக் கொள்கை. கல்லூரி இடம், அரசு வேலை, கம்பெனிப் பங்கு என எல்லாவற்றிலும் மலாய்க்காரருக்கு முன்னுரிமை.

பலன் கிடைத்தது. கம்பெனிப் பங்குகளில் 1970-ல் நூற்றுக்கு 2.4 மட்டுமே வைத்திருந்த மண்ணின் மைந்தர்கள் 1990-ல் 19.3-க்கு வந்தார்கள். சீனர்களும் ஏறினார்கள், இறங்கியவர்கள் வெளிநாட்டுக்காரர்கள்.

இந்தியர்? 1970-ல் சுமார் ஒன்று. 1990-லும் அதே ஒன்று. இருபது வருஷம் இன்கிரிமென்ட் இல்லாத உத்தியோகம்!

* * *

மூன்றாம் நாள், பிரிக்ஃபீல்ட்ஸ். 1881-ல் கோலாலம்பூர் தீப்பிடித்து எரிந்த பிறகு, இனிமேல் செங்கல்லால்தான் வீடு கட்ட வேண்டும் என்று உத்தரவானது. யாப் ஆ லாய் செங்கல் சூளை போட்ட இடம் இது. அதனால் அந்தப் பெயர். இப்போது மல்லிகைப்பூ, இட்லி, தங்க நகை, சினிமாப் பாட்டு. விசா வாங்கித்தான் வந்தோமா என்று சந்தேகமே வருகிறது.

இங்கே ஒரு புதிர். 2019 அரசுக் கணக்கில், ஒவ்வொரு சமூகத்திலும் குடும்பங்களை வருமானப்படி வரிசையாக நிறுத்தி, நட்ட நடுவில் நிற்கும் குடும்பத்தின் மாத வருமானத்தைப் பார்த்தால், சீனர் 7,391 ரிங்கிட், இந்தியர் 5,981, மண்ணின் மைந்தர் 5,420. (நம்மவர்கள் ரிங்கிட் என்பதில்லை, 'வெள்ளி' என்கிறார்கள்.) அட, நம் ஆள் இரண்டாம் இடம்! பிறகு எதற்குப் புலம்பல்? 2007 நவம்பர் 25-ல் பல்லாயிரம் இந்தியர்கள் ஏன் கோலாலம்பூர்த் தெருவில் திரண்டு, போலீஸின் தண்ணீர் பீரங்கியில் நனைந்தார்கள்?

எங்கள் மானேஜர் இரண்டு பிரியாணியும் நான் தயிர்சாதமும் சாப்பிட்டால், ஆளுக்கு ஒரு பிரியாணி என்பது கணக்கு. என் வயிறு ஒப்புக்கொள்ளுமா? 'இந்தியர்' என்ற ஒரே பெயருக்குள் பல பந்தி இருக்கிறது. அவரவர் எந்த வாசல் வழியாக நாட்டுக்குள் வந்தார்கள் என்பதில் இருக்கிறது சூட்சுமம்.

நகரத்தார் லேவாதேவி செய்ய வந்தார்கள். லெபு அம்பாங் தெருவில் கிட்டங்கி வைத்து, சீனருடைய ஈயச் சுரங்கத்துக்கே கடன் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள் இங்கிலீஷ் படித்துவிட்டு ரயில்வே குமாஸ்தாவாக வந்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ். பக்கத்தில் ஸ்காட் ரோட்டில் அவர்கள் கட்டிய கந்தசாமி கோயில். பிள்ளைகள் டாக்டரும் வக்கீலுமானார்கள். தமிழ் முஸ்லிம்கள் சாப்பாட்டுக் கடையும் பணமாற்றுக் கடையுமாக வளர்ந்தார்கள்.

நாலாவது வாசல்தான் பெரிய வாசல். கங்காணி வாசல். தோட்டத்துக் கங்காணி தன் ஊருக்கே வந்து, தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கிக்கொண்டு, சொந்தக்காரனையும் பக்கத்து வீட்டுக்காரனையும் கப்பலேற்றினார். 1938-ல் இந்திய அரசு தடை போடும் வரை நடந்தது. இறங்கிய ஆள் நேராக ரப்பர் காட்டுக்குள். வெளியே வந்தால் ஊர் கிடையாது, மரம்தான்.

* * *

அந்த வாசலின் கதையை எனக்குச் சொன்னவர் டாக்ஸிக்கார அண்ணன். அறுபத்தைந்து வயது, நெற்றியில் திருநீறு. புத்ராஜெயா பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, நான் பொறந்தது தோட்டத்துல. அப்பா பால் மரம் வெட்டுனாரு, அம்மாவும் வெட்டுனாங்க. விடியறதுக்கு முன்னாலயே பெரட்டு. வீடு தோட்டத்து வீடு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தண்ணி எல்லாம் தோட்டந்தான். எங்க சொந்தம்னா ரெண்டு ஆடும் நாலு கோழியும்."

"அப்புறம் என்னாச்சு அண்ணே?"

"ஒரு நாள் கடுதாசி வந்துச்சு. தோட்டத்த வித்தாச்சு, வீட்டக் காலி பண்ணுங்கன்னு. ஒரே கடுதாசி தம்பி... வேலை, வீடு, பள்ளிக்கூடம், கோயில், நாலும் போச்சு. எங்கப்பா பொட்டியில முப்பது வருசத்துச் சம்பளச் சீட்டு இருந்துச்சு. பத்திரம்னு ஒரு தாள் இல்ல."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் ஓட்டினார். பிறகு அவரே ஃபெல்டா பற்றிச் சொன்னார். 1956-ல் தொடங்கிய அரசு நிலக் குடியேற்றத் திட்டம் அது. நிலமில்லாத குடும்பத்துக்குச் சுமார் பத்து ஏக்கர் ரப்பர் அல்லது செம்பனைத் தோட்டம், ஒரு வீடு. விலையைத் தவணையில் கட்டலாம். 1990 வரை சுமார் 1 லட்சத்து 12 ஆயிரம் குடும்பங்கள் குடியேறின. மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்.

"அவங்களும் பால் மரந்தான் வெட்டுனாங்க. கடன் அடைஞ்சதும் நிலம் அவங்க பேருக்கு வந்துச்சு. மரம் ஒண்ணு, கத்தி ஒண்ணு. தாள்ல பேருதான் வேற."

"கோபம் இல்லையா?"

"அவங்க மேலயா? அவங்க கஷ்டப்பட்டு ஏறுனாங்க, நல்லா இருக்கட்டும் லா. எங்கப்பாவுக்கும் ஒரு பத்து ஏக்கர் காட்டியிருக்கலாம். அவரும் தவணை கட்டியிருப்பாரு."

புத்ராஜெயா வந்துவிட்டது. அகலமான சாலை, ஏரி, பிரதமர் அலுவலகம், இளஞ்சிவப்பு மசூதி. இந்த நிர்வாகத் தலைநகரம் எழுந்த இடம் பிராங் பெசார் என்ற ரப்பர் தோட்டம். இங்கேயும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பால் வெட்டிய குடும்பங்களை டெங்கில் என்ற இடத்தில் அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். நான் போட்டோ எடுக்கவில்லை.

இந்த ஆபத்தை முன்கூட்டியே பார்த்த ஒருவர் இருந்தார். வீ.தி. சம்பந்தன். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார். தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளியிடம் மாதம் பத்து வெள்ளி வாங்கி, அவன் வேலை செய்கிற தோட்டத்தையே அவன் சங்கத்துக்கு வாங்கினார். பிரிக்ஃபீல்ட்ஸின் பிரதான சாலைக்கு அவர் பெயர்தான். மந்திரி வேலையோடு இதையும் செய்தார். ஆனால், விற்பனைக்கு வந்த தோட்டங்களோ அந்தச் சங்கத்தின் சக்திக்கு மிஞ்சியவை.

* * *

மலாய் பாஷையில் கடைக்கு 'கெடாய்' என்று பெயர். நம்ம 'கடை'தான். மூலதனத்துக்கு 'மொடால்'. நம்ம 'முதல்'தான். சீட்டுப் பிடிப்பதற்கு 'கூத்து'. நம்ம 'கூட்டு'! அதைத் தடுக்க 1971-ல் கூட்டு நிதித் தடைச் சட்டம் என்று தமிழ் வார்த்தையிலேயே சட்டம் போட்டார்கள். (நம் ஆள் எந்தத் துறையில் முத்திரை பதித்தான் பாருங்கள்!) ஒரு நாட்டுக்குக் கடை, முதல் என்ற சொற்களையே கொடுத்த பாஷைக்காரர்களில் பெரும்பாலோர், நூறு வருஷம் உழைத்தும் கடையும் முதலும் இல்லாமல் நின்றதற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை. கள்ளுக்கடையும் முழுக் காரணமில்லை. வேலையும் வீடும் ஒரே ஆள் கையில் இருந்தது. அவ்வளவுதான்.

கடைசி நாள் ராத்திரி ஓர் உணவகத்தில் தோசை கொண்டுவந்த தம்பி, நம்ம சிவகங்கைப் பக்கம். இருபத்து மூன்று வயது, டிப்ளமோ. ஏஜென்ட்டுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டி வந்திருக்கிறான்.

"ரூம், சாப்பாடு எல்லாம் ஓனரே பாத்துக்கறார் சார். ஒரு செலவும் கிடையாது."

"பாஸ்போர்ட்?"

"அதுவும் அவருதான் பத்திரமா வெச்சிருக்கார் சார்."

தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைப்பது மலேசியச் சட்டப்படி குற்றம். அதை அவனிடம் மெதுவாகச் சொன்னேன். 'அப்படியா சார்?' என்று கல்லாப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, அடுத்த டேபிளுக்குச் சட்னி ஊற்றப் போனான்.

துபாயோ, கத்தாரோ, கோலாலம்பூரோ... கிளம்பப் போகிற தம்பிகளே, சம்பளம் எவ்வளவு என்று ஏஜென்ட்டிடம் கேட்கத்தான் போகிறீர்கள். அதோடு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். வேலை போனால் அன்று ராத்திரி எங்கே படுப்பேன்? என் பாஸ்போர்ட் யார் பெட்டியில் இருக்கும்? இரண்டுக்கும் ஒரே பெயர் பதிலாக வந்தால், கையெழுத்துப் போடும் முன் கொஞ்சம் யோசியுங்கள். கங்காணி இப்போது ஏ.ஸி. ரூமில் ஆபீஸ் போட்டிருக்கிறார்.